எண் போடாத வேலையைத் தொடுவதில்லை: ஒரு தணிக்கை அலுவலகத்தில் மாற்றிய பழக்கமும் அது தளர்ந்த கதையும்

மதுரைக் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நாங்கள் மொத்தம் ஒன்பது பேர். என்னையும் சேர்த்து ஆறு பேர் பெண்கள். எங்களுக்கு மாதம் என்பது தேதிகள்தான். 7ஆம் தேதிக்குள் பிடித்தம் செய்த வரியைக் கட்ட வேண்டும், 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்னும் விற்பனை விவரம், 15ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்னும் மாத வரிக் கணக்கு. கடைசியாகச் சொன்னது தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், நிலுவை வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியும் வாடிக்கையாளர் தலையில் விழும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை மாலை ஏழு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிவிடுவோம். இப்போது ஒன்பது ஆகிறது. 19, 20 தேதிகளில் பதினொன்றைத் தாண்டுகிறது. வாடிக்கையாளர்களின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் கூடவில்லை. பில்கள் வரும் வழிதான் மாறியிருக்கிறது. முன்பு கடைப் பையன் மாதத் தொடக்கத்தில் ஒரு மஞ்சள் பையில் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவான். இப்போது ஒவ்வொரு பில்லும் ஒரு படமாக, வாட்ஸ்அப்பில், எங்களில் யாருடைய எண் கையில் கிடைக்கிறதோ அவருக்கு, எந்நேரமும் வருகிறது.

கடந்த கார்த்திகையில் ஒரு நாள், எங்களிடம் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பெண்ணின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பத்து மணி முதல் ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு பாத்திரக் கடையின் கொள்முதல் பில்களை டேலி என்னும் கணக்கு மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் பார்வை திரையை விட்டு விலகிய ஒவ்வொரு முறையும் ஒரு பழைய உறையின் பின்புறத்தில் கோடு போட்டேன். விற்றவரின் ஜிஎஸ்டி எண்ணில் பதினைந்து இடங்கள் உண்டு. ஒன்பதாவது இடத்தைத் தட்டும்போது ஒரு செய்தி வரும். பதில் போட்டுவிட்டுத் திரும்பினால் முதலிலிருந்து சரிபார்த்தாக வேண்டும். ஒரு மணிக்கு எண்ணிப் பார்த்தேன்: 38 கோடுகள். அவற்றில் ஐந்தாறுதான் அவளுடைய சொந்த விஷயம். மற்ற அத்தனையும் வேலை பற்றியவை. வேலைதான் வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

தை முதல் தேதியிலிருந்து மூன்று மாற்றங்களைச் செய்தோம். காலை 10 முதல் 12.30 வரை அவரவர் கைப்பேசி முன்னறை அலமாரியில் இருக்கும். வாடிக்கையாளர்களுக்கு ஒரே ஓர் அலுவலக எண் கொடுத்து, வாரத்துக்கு ஒருவர் முறை வைத்து அதைப் பார்க்கிறோம். வரும் வேலை எதுவானாலும் ஒரு நீள நோட்டில் வரிசை எண், வந்த தேதி, யாரிடமிருந்து, என்ன வேலை, யார் கையில், முடிந்த தேதி என்று பதிகிறோம். எண் போடாத வேலையை யாரும் தொடுவதில்லை என்று பேசிவைத்துக்கொண்டோம்.

முதல் ஐந்து வாரம் நன்றாகவே நடந்தது. பிப்ரவரியில் கொடுக்க வேண்டிய கணக்கை 18ஆம் தேதியே முடித்தோம். பிறகு தளரத் தொடங்கியது. அதைத் தொடங்கிவைத்தவர் எங்கள் தணிக்கையாளரே. பதினொரு மணிக்கு அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்த மில்லுக்காரர் லைனில் இருக்கிறார், அவருடைய இருப்பை உடனே பார்த்துச் சொல்லுங்கள்" என்பார். ஒருவர் எழுந்தால் மற்ற எட்டுப் பேரின் கட்டுப்பாடும் தளர்ந்துவிடுகிறது. ஒரு கூட்டத்தின் பழக்கத்தை நிலைநிறுத்திக் காட்டிய அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

தனிப்பயிற்சியாளர்

தனிமனித ஒழுங்கு இல்லாமல் நோட்டுப் போட்டு என்ன பயன் என்பது என் எண்ணம். 1980களின் பிற்பகுதியில் இத்தாலிய மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு 25 நிமிடம் படிப்பு, சிறு ஓய்வு, மறுபடியும் 25 நிமிடம் என்று தம்மைப் பழக்கிக்கொண்டார். இன்று உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். உங்கள் ஊழியர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தால் போதும். மற்றவை தாமாகச் சரியாகும்.

ஓய்வுபெற்ற எழுத்தர்

சகோதரிக்கு வணக்கம். மேலே எழுதியவர் சொல்வது தனியறையில் அமர்ந்து படிக்கும் மாணவருக்குப் பொருந்தும். பத்துப் பேர் கதவைத் தட்டும் இடத்தில் உள்ளே இருப்பவரின் மன உறுதியை மட்டும் நம்ப முடியாது. கதவை ஒன்றாக்க வேண்டும். நீங்கள் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். அந்த முறையில்தான் நான் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தேன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1986இல் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த முதல் நாள், தாலுகா அலுவலகத் தலைமை எழுத்தர் என் கையில் ஒரு தன்பதிவேட்டை, அதாவது என் கைக்கு வரும் தாள்களை நான் பதிந்துவைக்க வேண்டிய பதிவேட்டை, கொடுத்தார். ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்தில் வந்த டாட்டன்ஹாம் முறை என்னும் அலுவலக நடைமுறையின் முதுகெலும்பு அது. அலுவலகத்துக்கு வரும் தாள் எதுவானாலும் முதலில் தபால் பிரிவில் ஏறும், ந.க. எண் என்னும் கோப்பு எண் பெறும், பிறகு உரிய பிரிவுக்கு வரும், பெற்றவர் தம் தன்பதிவேட்டில் எழுதிக்கொள்வார். அதற்குப் பதில் போன தேதி, நினைவூட்டு போன தேதி, கோப்பு முடிந்த தேதி யாவும் அதே வரியில் வரும். முடியாத வரி முடியாத வரியாகவே எல்லார் கண்ணுக்கும் தெரிந்துகொண்டிருக்கும். எழுத்தர் விடுப்பில் போனாலும் அவர் இடத்துக்கு வருபவர் பதிவேட்டைத் திறந்தால் போதும், எது எங்கே நிற்கிறது என்று கால் மணி நேரத்தில் தெரிந்துகொள்வார்.

ஆனால் அந்தப் பதிவேட்டைக் காப்பாற்றியது எழுத்தரின் ஒழுங்கு அல்ல. குறிப்பிட்ட நாளில் மேலதிகாரி அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்பதுதான் அதைக் காப்பாற்றியது. பார்க்கிறவர் இல்லாத பதிவேடு மூன்றே மாதத்தில் வெறும் நோட்டாகிவிடும். இதை நான் பல அலுவலகங்களில் கண்டிருக்கிறேன்.

என் பணியின் கடைசி ஆண்டுகளில் வாட்ஸ்அப் குழுக்கள் வந்தன. இரவு ஒன்பது மணிக்கு "அறிக்கையை உடனே அனுப்புக" என்று வரும். அதற்கு ந.க. எண் கிடையாது, தன்பதிவேட்டில் வரி கிடையாது. செய்தால் செய்ததற்குச் சான்றில்லை. செய்யாவிட்டால் மட்டும் மறுநாள் கூட்டத்தில் கேள்வி வரும். என்னிடம் வேலை கற்ற மூன்று பிள்ளைகள் பகலெல்லாம் அந்தக் குழுவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க, பட்டா மாறுதல் கேட்டு மனுக் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்த முதியவர்களின் கோப்புகள் நிலுவையில் ஏறின. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். சத்தம் போடுகிற வேலைக்கு முன்னால் சத்தம் போடாத வேலை தோற்றுப்போனது, அவ்வளவுதான்.

ஆகவே என் யோசனை ஒன்றே ஒன்று. உங்கள் தணிக்கையாளருக்கும் அந்த நோட்டில் இடம் கொடுங்கள். அவர் தரும் வேலையும் எண் பெற்றே வரட்டும். அத்துடன் வாரம் ஒரு நாள், ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் அவரே நோட்டைப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

இரும்புக்கடைக்காரர்

இந்த இழையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது என்னைப் போன்றவர்கள் என்பதால் எங்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டன்சத்திரம் பக்கம் சிறிய இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஷட்டரை இறக்கும்போது இரவு ஒன்பதரை ஆகிவிடும். அதன் பிறகுதான் மேசை டிராயரில் கிடக்கும் பில்களை எடுத்து ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அனுப்ப நேரம் கிடைக்கிறது. பதில் உடனே வர வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அனுப்பிவிட்டால் என் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்குகிறது, அதற்காகத்தான் அனுப்புகிறேன். அந்தப் பாரம் இன்னொருவர் தலையில் அதே இரவில் ஏறுகிறது என்பது இதைப் படிக்கும் வரை எனக்குத் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 20ஆம் தேதி கடைசி நாள் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்கள் பில்கள் உங்களுக்கு எந்தத் தேதிக்குள் வந்தால் நல்லது என்று எங்கள் கணக்கர் இதுவரை சொன்னதே இல்லை. சொன்னால் செய்ய மாட்டோமா?

மதுரைக் கணக்கர்

ஐயா இருவருக்கும் நன்றி. கடைக்காரர் ஐயாவின் கேள்வி என்னைச் சுட்டது. எங்களுக்குள் அந்தத் தேதி உண்டு. ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி பட்டியல் தயாராகிவிடும். உங்களுக்குச் சரக்கு விற்றவர்கள் காட்டியிருக்கும் பில்கள் அதில் இருக்கும். அதோடு உங்கள் பில்களை ஒப்பிட்டால்தான் எந்தப் பில்லுக்கு வரி வரவு கிடைக்கும், எந்த விற்பனையாளரை விரட்ட வேண்டும் என்று தெரியும். எனவே 10ஆம் தேதிக்குள் பில்கள் வந்தால் 14க்குப் பிறகு ஒப்பிடும் வேலை மட்டும் மிஞ்சும். 19ஆம் தேதி இரவு வந்தால் ஏற்றுவதும் ஒப்பிடுவதும் ஒரே ராத்திரியில். இதை எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்குக்கூட நாங்கள் எழுத்தில் சொன்னதில்லை. அவர்களாகவே புரிந்துகொள்வார்கள் என்று இருந்துவிட்டோம். நாளையே ஒரு கடிதம் தயாரிக்கிறேன்.

உளவியல் மாணவி

பழக்கம் 21 நாளில் வந்துவிடும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. 2009இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. 96 பேர் ஆளுக்கொரு சிறு செயலைத் தேர்ந்து, தினமும் ஒரே சூழலில், உதாரணமாகக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, 84 நாள் செய்துவந்தார்கள். அது தன்னிச்சையாக வரும் நிலையை எட்ட ஆன காலம் நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது; 84 நாளைத் தாண்டியவை கணக்கிட்டு மதிப்பிட்டவை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் ஏற்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஐந்தாம் வாரத்தில் தளர்ந்ததை அக்கா தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழக்கம் இன்னும் வேர்விடாத காலம் அது.

அதே ஆண்டு சோஃபி லெராய் வெளியிட்ட ஆய்வையும் சொல்ல வேண்டும். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குப் போகிறவரின் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, அதனால் புதிய வேலையும் கெடுகிறது என்று அவர் காட்டினார். ஒன்பதாவது இடத்தில் நின்றுபோன ஜிஎஸ்டி எண் அதற்கு நல்ல உதாரணம்.

பவர் டேபிள் மேற்பார்வையாளர்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருபது ஆண்டு. எங்கள் வேலையில் எத்தனை பீஸ் ஓடியது என்பது மணிக்கு மணி பலகையில் ஏறும் என்பதால், உற்பத்தி எங்கே ஒழுகுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஓவர்லாக் மெஷினில் இருக்கும் டெய்லர் ஒரு பண்டிலைப் பிரித்து அடிக்கத் தொடங்கினால் கை ஒரு தாளத்துக்கு வந்துவிடும். நடுவில் "அந்தக் கலர் எங்கே வைத்தாய்" என்று கேட்டால் தாளம் போய்விடும். திரும்பி வர நாலைந்து பீஸ் ஆகும், அந்த நாலைந்தில்தான் தையல் விலகும். பண்டில் முடியும்வரை டெய்லரிடம் யாரும் பேசக் கூடாது, கேட்க வேண்டியதைக் கைமடியிடம், அதாவது டெய்லரின் உதவியாளரிடம், கேட்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தேன். முதலில் கட்டுப்பட மறுத்தவர்கள் சக மேற்பார்வையாளர்கள்தாம், டெய்லர்கள் அல்லர்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்லத் தோன்றுகிறது. எண்ணிக்கையையே பெரிதாகப் பேசாதீர்கள். பலகையில் பீஸ் எண்ணை ஏற்றுவதற்காக அவசரமாக அடித்து, செக்கிங்கில் பாதி ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பிய நாள்களை நான் அறிவேன். உங்கள் நோட்டிலும் முடிந்த வரிகளை எண்ணிப் பாராட்டத் தொடங்கினால் எல்லாரும் எளிய வேலையை முதலில் எடுப்பார்கள். சிக்கலான கணக்கு கடைசி வரை கிடக்கும்.

மற்றொன்று நேரம். எங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்ட் என்பது பழகிப்போன சொல். 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். அந்த நாள்களில் எல்லாரும் உரிமையைப் பற்றிப் பேசினார்கள்; பேச வேண்டியதுதான். நான் கண்ட இன்னொன்றையும் சேர்க்கிறேன்: மாலை ஏழு மணிக்கு மேல் அடித்த பண்டில்களைத்தான் மறுநாள் காலையில் அதிகம் பிரிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் இரவு பதினொரு மணிக்குப் பதிந்த கணக்குகளில் எத்தனையை மறு மாதம் திருத்தினீர்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

இரு பிள்ளைகளின் தாய்

கைப்பேசியை அலமாரியில் வைக்கும் விதியை எழுதும்போது, அது எல்லார்மேலும் ஒரே அளவு பாரமாக விழாது என்பதை நினைக்க வேண்டும். பள்ளியிலிருந்து "உங்கள் மகளுக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள்" என்று அழைப்பு வருவது பெரும்பாலும் தாய்க்குத்தான். எங்கள் அலுவலகத்தில் இதே விதி வந்தபோது இரண்டரை மணி நேரமும் என் மனம் அலமாரியில்தான் இருந்தது. வேலையில் கவனம் கூடவில்லை.

மதுரைக் கணக்கர்

நீங்கள் சொல்வது முழுக்க உண்மை சகோதரி. இது எங்களுக்கும் இரண்டாம் வாரமே தெரிந்தது. அலுவலகத்தின் பழைய தரைவழித் தொலைபேசி எண்ணைப் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் கொடுத்தோம்; அது அடித்தால் யாரும் எழுந்து எடுக்கலாம். மாமியார் மருத்துவமனையில் இருந்த ஒருவர் அந்த மாதம் முழுவதும் கைப்பேசியை மேசையிலேயே வைத்திருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சோழிங்கநல்லூர் நிரலாளர்

எங்கள் குழு சிட்னியில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்காக வேலை செய்கிறது. 2024 ஆகஸ்ட் 26 முதல் ஆஸ்திரேலியாவில், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்பையும் செய்தியையும் ஊழியர் கவனிக்காமல் இருக்கலாம், அந்த மறுப்பு நியாயமற்றதாக இருந்தாலொழிய அவர்மேல் குற்றமில்லை என்று சட்டம் வந்தது. பிரான்ஸில் 2017 முதலே இதை ஒத்த ஏற்பாடு உண்டு. சிட்னியில் மாலை ஐந்து மணி என்றால் இங்கே பகல் பன்னிரண்டரை. அவர்களுடைய கோடைக்காலத்தில் பதினொன்றரை. சட்டம் வந்த பிறகு அந்த நேரத்தோடு அவர்களிடமிருந்து செய்தி நின்றுபோனது. எங்களுக்குப் பிற்பகல் முழுவதும் கிடைத்தது. அதுவரை "உடனே" என்று வந்துகொண்டிருந்தவற்றில் பாதி, மறுநாள் காலை வரை காத்திருந்தும் ஒன்றும் கெடவில்லை என்பதை அப்போதுதான் கண்டோம்.

அந்தப் பிற்பகல் மூன்று மாதம் எங்களிடம் இருந்தது. பிறகு எங்கள் அலுவலக மேலாளர்களே அதில் கூட்டங்களை நிரப்பிவிட்டார்கள். காலியாக இருக்கும் நேரம் வேலை செய்யும் நேரம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் இப்போது, என்ன முடிவெடுக்கப் போகிறோம் என்று முதல் நாளே அரைப் பக்கம் எழுதி அனுப்பாதவர் கூட்டம் கூட்ட முடியாது என்று குழுவுக்குள் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். எழுத உட்கார்ந்ததும் பல கூட்டங்கள் தேவையில்லாமல் போயின. எழுதியவருக்கே விடை கிடைத்துவிடுகிறது. எழுதத் தயங்குகிறவர்கள் இன்னும் கைப்பேசியில் அழைக்கிறார்கள். அதற்கு எங்களிடம் வழியில்லை. கிடைத்த நேரத்துக்குப் பெயரும் காவலும் வேண்டும் என்பதால்தான் உங்கள் பத்து முதல் பன்னிரண்டரை எனக்குப் பிடித்திருக்கிறது.

மதுரைக் கணக்கர்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். எழுத்தர் ஐயாவின் மறுமொழியை அச்செடுத்து எங்கள் தணிக்கையாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். வரிசை எண் 412இல் தம் கையாலேயே, ஒரு வருமான வரி அறிவிப்புக்குப் பதில் தயாரிக்கும் வேலையைத் தம் பெயரிலேயே எழுதினார். இப்போது சனிக்கிழமை பதினொரு மணிக்கு நோட்டு அவர் மேசைக்குப் போகிறது. ஒரு சனிக்கிழமை வெளியூர் போய்விட்டார். திங்களன்று அவரே கேட்டு வாங்கிப் பார்த்தார். மில்லுக்காரர் அழைக்கும்போது மட்டும் இன்னமும் எட்டிப் பார்க்கிறார். அது மாறவில்லை.

பில்களை 10ஆம் தேதிக்குள் அனுப்புமாறு எல்லா வாடிக்கையாளருக்கும் கடிதம் போயிற்று. பெரும்பாலோர் அனுப்புகிறார்கள். சிலர் பழையபடி, நான் கோடு போட்டு எண்ணிய அந்தப் புதிய பெண்ணின் சொந்த எண்ணுக்கே அனுப்புகிறார்கள்; அவள் அலுவலக எண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்கிறாள். திருப்பூர் ஐயா சொன்னபடி பழைய திருத்தங்களைத் தேடினேன். மார்ச் மாதக் கணக்கில் நாங்கள் பிறகு திருத்த வேண்டியிருந்த பதிவுகளில் பெரும்பகுதி, இரவு ஒன்பதுக்கு மேல் ஏற்றியவை; டேலியில் நேரம் பதிவாகியிருந்ததால் ஐயத்துக்கு இடமில்லை. கடந்த 20ஆம் தேதி எட்டு மணிக்குப் பூட்டினோம். ஜூலை 31, செப்டம்பர் 30 ஆகிய வருமான வரித் தேதிகள் நெருங்கும்போது என்ன ஆகும் என்று இப்போதே சொல்ல மாட்டேன்.

நேற்று முன்தினம் அதே பெண்ணின் பக்கத்தில் மறுபடியும் நாற்காலியைப் போட்டு, அதே மூன்று மணி நேரம் உட்கார்ந்து, அதே உறையில் கோடு போட்டேன். பதினொரு கோடுகள். அவற்றில் நான்கு, நான் பக்கத்திலிருந்து அவளிடம் ஏதோ கேட்டதால் விழுந்தவை. கேட்க வேண்டியவற்றை நேற்றிலிருந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பன்னிரண்டரைக்கு ஒன்றாகக் கேட்கிறேன்.